ஒரு நிமிடம் நிற்கும் ரயிலில் ஒரு கல்யாணப் பேச்சு

டல்ஸி ஆப்பிள்யார்ட் ஸ்டேஷனில் போடும் சத்தம் எங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் வரும். நடுவில் இரண்டு வயலும் ஓர் ஓடையும் ஒரு பன்றிப் பண்ணையும் இருக்கின்றன. எதுவும் அந்தக் குரலைத் தடுத்ததில்லை.

"கார்ஸ்பி போற வண்டி வருதூ! ஓடியாங்க, உங்களுக்காக நிக்காது!"

அதைக் கேட்டதும் ரொட்டியின் கடைசித் துண்டை வாயில் திணித்துக்கொண்டு நான் வயல் குறுக்காக ஓடுவேன். கார்ஸ்பி எங்கள் பக்கத்துச் சந்தை ஊர். அங்கே ஒரு தொப்பிக் கடையில் தொப்பிக்கு ரிப்பனும் இறகும் தைப்பது என் வேலை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். கடைசிப் பெட்டியில், கார்டு வண்டியை ஒட்டிய இருக்கையில்தான் எப்போதும் உட்காருவேன். அதனால் இந்தக் கதையில் முக்கால்வாசி என் கண்ணால் பார்த்தது. மீதியைச் சொன்னவர் முட்டை விற்கும் மிஸஸ் சக்டன். எங்கள் ஊர் ஆட்டர்பியில் நான் இறங்கிய பிறகும் மூன்று ஸ்டேஷன் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போகிறவர் அவர். ஒன்றைப் பார்த்தால் ஒன்றரையாகச் சொல்வார். அரையைக் கழித்துவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆட்டர்பி ஸ்டேஷன் ஆட்டர்பியில் இல்லை. எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் காலத்தில் தண்டவாளம் போட வந்தபோது, அன்றைய நிலக்கிழார், புகை பட்டால் தன் வெள்ளை ஆடுகள் கறுத்துப்போகும் என்று ஒற்றைக்காலில் நின்றாராம். சரிதான் போ என்று குன்றைச் சுற்றிக்கொண்டு போய், ஒரு டர்னிப் கிழங்கு வயலின் நடுவே ஸ்டேஷனைக் கட்டிவிட்டார்கள். அடுத்த வருடமே அந்த மனிதருக்கு லண்டனில் ஒரு வழக்கு வந்தது. மாதத்துக்கு இரண்டு தடவை சேற்றில் முழங்கால் வரைக்கும் புதைந்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ரயிலுக்கு நடந்தாராம். இன்றைக்கும் வெளியூர்க்காரர் யாராவது இறங்கி, சுற்றுமுற்றும் பார்த்து, "ஊர் எங்கம்மா?" என்று கேட்டால் டல்ஸி குன்றைக் காட்டுவாள்.

"அதோ, அதுக்கு அந்தாண்ட. ரயில் ஊருக்கு வரலீங்க, டர்னிப்புக்கு வந்துச்சு."

ஒரு பிளாட்பாரம், கரியடுப்பு வைத்த ஒரு காத்திருக்கும் அறை, ஒரு பார்சல் அறை, கொல்லையில் ஒரு வீடு, சற்றுத் தள்ளி மரப்படி ஏறிப்போகும் சிக்னல் கேபின். இவ்வளவுதான் ஸ்டேஷன். கேபினில் ஈனாக் ஸ்டப்ஸ். மற்ற எல்லாவற்றுக்கும் டல்ஸி. டிக்கெட் கொடுப்பவளும் அவள்தான், அதைத் திருப்பி வாங்குபவளும் அவள்தான். காலையில் பால் கேன்களை உருட்டி ஏற்றுவாள். கடற்கரையிலிருந்து ஐஸில் புதைத்து வரும் மீன் பெட்டிகளை இறக்குவாள். பிறந்து ஒரே நாளான கோழிக்குஞ்சுகள் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கினால் பார்சல் அறையே கீச்சுக்கீச்சென்று கத்தும். ஒரு தடவை தேனீப் பெட்டி ஒன்று வாய் பிளந்துவிட்டது. அன்று பாதிரியார் ஜன்னல் வழியாக ரயில் ஏறினார். ஊர்த் தாய்மார்களெல்லாம் குழந்தைகளைத் தூக்கிவந்து பார்சல் தராசில் வைத்து எடை பார்ப்பார்கள். டல்ஸி அந்த எடையைப் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பாள். "பாதிரியார் வீட்டுக் குட்டி பால் கேன் மூடியை விடக் கொஞ்சம் தூக்கல்!"

அவள் அப்பா கீழ் ரயில்வே கேட்டில் கேட் திறந்து மூடியவர். போர்க்காலத்தில் இங்கிருந்த போர்ட்டர் பட்டாளத்துக்குப் போக, அந்தப் போர்ட்டரின் கோட்டை மாட்டிக்கொண்டு டல்ஸி வந்தாள். கை நீளமாக இருந்ததால் இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். போர் முடிந்து அந்த ஆள் திரும்பி வருவார், இவள் கோட்டைக் கழற்றிக் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடு. அவரோ போன இடத்தில் ஒரு கோழிப்பண்ணைக்காரியைப் பார்த்து அங்கேயே தங்கிவிட்டார். இவளைப் போகச் சொல்ல மேலிடத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இவளும் ஞாபகப்படுத்தவில்லை.

போர் முடிந்து எட்டு வருடம் ஆன வசந்தத்தில் எங்கள் ரயிலுக்குப் புதுக் கார்டு வந்தார். பெயர் ஆம்புரோஸ் லிஸ்டர். நெடுநெடுவென்று உயரம், தொங்கு மீசை, மனைவி இறந்து ஆறு வருடம். கார்ஸ்பியில் ஒரு பூனையோடு தனியாக இருந்தார். நல்ல மனிதர். ஆனால் பேச்சு நகராது. ஒரு வாக்கியத்தை எடுத்தாரென்றால், பிறந்த ஆட்டுக்குட்டியைத் தூக்குவது போல அதைத் தூக்கி, நாலு பக்கமும் பார்த்து, இடம் துடைத்துப் பிறகுதான் கீழே வைப்பார். எங்கள் ஸ்டேஷனிலோ ரயில் நிற்பது ஒரே ஒரு நிமிடம்.

டல்ஸி நேர் எதிர். மூச்சு வாங்குவதற்குக் கூட வாயை மூடமாட்டாள்.

முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை. பால் கேன் ஏற்றியாகிவிட்டது. லிஸ்டர் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"மிஸ் ஆப்பிள்யார்ட்... எங்க வீட்டுத் தோட்டத்துல..."

நேரமாகிவிட்டது. விசிலை ஊதி ஏறிக்கொண்டார். ரயில் புறப்பட்டதும் மிஸஸ் சக்டன் எங்கள் பெட்டி ஜன்னலிலிருந்து பின்னால் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"தோட்டத்துல என்னய்யா? முளைச்சுதா, கருகிச்சா? இப்படிப் பாதியில விட்டா இன்னிக்கு நான் எப்படி முட்டை எண்ணுவேன்?"

மீதி சாயங்காலம் வந்தது. "எங்க வீட்டுத் தோட்டத்துல ருபார்ப்... நிறைய வந்திருக்கு. உங்களுக்கு அது..."

"பிடிக்குமான்னு கேக்கறீங்களா? ரொம்பப் பிடிக்கும்! கொண்டாங்க, கொண்டாங்க, எவ்வளவு இருந்தாலும் கொண்டாங்க மிஸ்டர் லிஸ்டர்!"

ருபார்ப் என்பது சிவந்த தண்டுக் கீரை. பச்சையாகக் கடித்தால் காது வரைக்கும் புளிக்கும். சர்க்கரை போட்டு வேகவைத்தால்தான் வாயில் வைக்கமுடியும். சர்க்கரை அப்போதும் ரேஷன். அது மட்டுமில்லை, சின்ன வயதிலிருந்தே டல்ஸிக்கு ருபார்ப்பைக் கண்டாலே ஆகாது. மறுநாளிலிருந்து லிஸ்டர் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்கினார். அந்த வசந்தம் முழுக்க அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ருபார்ப் தின்றாள். பதிலுக்கு அவருக்குத் தயிர்க்கட்டிப் பலகாரம் சுட்டுக் கொடுத்தாள். அதற்கும் அவளுடைய ரேஷன் சர்க்கரைதான்.

"ஏன் டல்ஸி இப்படிக் கஷ்டப்படுறே? பிடிக்காதுன்னு சொல்லிடேன்" என்றேன்.

"அந்த வாக்கியத்தை முடிக்க அவருக்கு ஒரு முழு நாள் ஆச்சு நெட்டி. அதுக்கு நான் இல்லைன்னு சொல்றதா?"

இப்படியே வளர்ந்தது. அவருடைய பூனையின் பெயர் என்ன என்பது ஒரு செவ்வாயில் தொடங்கி வியாழனில் தெரிந்தது. அவருக்கு இடது கால் ஏன் மழையில் வலிக்கிறது என்பதற்கு ஒரு வாரம் ஆனது. கடைசிப் பெட்டியில் இடம் பிடிக்கப் போட்டி வந்துவிட்டது. முன் பெட்டிக்காரர்கள் இறங்கி வந்து, "இன்னிக்கு எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒரு நிமிடம் இரண்டானது, இரண்டு நான்கானது. ஓட்டுநர் இஞ்சினிலிருந்து திரும்பிப் பார்த்து, பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார். எங்கள் யாருக்கும் அவசரமில்லை. ஆனால் துறைமுகத்து ஆள் யாரோ மேலிடத்துக்குப் புகார் எழுதிவிட்டார். ஆட்டர்பியில் தினமும் வண்டி தாமதம், காரணம் தெரியவில்லை என்று.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் குரோதர் வந்தார். குள்ளமான மனிதர். வட்டத் தொப்பி, சங்கிலி போட்ட கடிகாரம். கார்டு வண்டியில் ஏறி ஒரு மீன் பெட்டி மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

"இந்த வாரம் முழுக்க நான் உங்களோடதான் வரப்போறேன் லிஸ்டர். நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் இல்லைன்னு நெனச்சுக்கங்க."

அந்தத் தொப்பியையும் அந்தக் கடிகாரத்தையும் பார்த்தபடி அவர் இல்லை என்று எப்படி நினைப்பது? அன்று ஆட்டர்பியில் ரயில் நின்றது. லிஸ்டர் இறங்கினார். "பார்சல் ரெண்டு" என்றார். விசில் ஊதினார். போய்விட்டார். சாயங்காலமும் அப்படியே. செவ்வாயும் அப்படியே. ரயில் கடிகாரம் போல ஓடியது. கடைசிப் பெட்டியில் நாங்கள் எல்லோரும் துக்க வீட்டில் உட்கார்ந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

டல்ஸிக்கு இன்ஸ்பெக்டர் சமாசாரம் தெரியாது. வண்டிக்குள் இருட்டில் மீன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவரை மீன் வியாபாரி என்று நினைத்துவிட்டாள். புதன் காலை நான் ஓடிவந்து பிளாட்பாரத்தில் ஏறியதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பார்சல் அறைக்குள் போனாள்.

"நெட்டி, அவருக்கு என்ன ஆச்சு? என் மூஞ்சில ஏதாவது இருக்கா?"

"கரி இருக்கு. அது தினமும் இருக்கும்."

"விளையாடாதடி. ரெண்டு நாளா என் முகத்தைப் பாக்கல மனுஷன். நான் அதிகமாப் பேசிட்டேனா? பேசிட்டேன்தான். எங்கம்மா சொல்லுவாங்க, உன் வாய்க்கு ஒரு கேட் போடணும்னு. நாப்பதை நெருங்கிட்டேன், எனக்கு இதெல்லாம் தேவையா சொல்லு? அவர் வண்டி வர்ற நேரத்துக்கு வயித்துக்குள்ள யாரோ கோழிக்குஞ்சுப் பெட்டியத் தொறந்துவிட்ட மாதிரி இருக்கு. வண்டி போனதும் எல்லாம் செத்துப்போகுது."

நான் இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரயில் வந்துவிட்டது. வேலைக்குப் போகும் அவசரத்தில் ஏறிவிட்டேன். சாயங்காலம் சொன்னபோது அவள் நம்பவில்லை. "இன்ஸ்பெக்டர்னா மீன் பெட்டி மேலயா உக்காருவாரு?" என்றாள்.

ஆனால் கார்டு வண்டிக்குள் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஆட்டர்பிக்கு அப்பால் ரயில் போகும்போது, பலகைச் சுவர் வழியாக லிஸ்டர் முணுமுணுப்பது மிஸஸ் சக்டனுக்குக் கேட்டது. திங்களன்று அது நீளமான வாக்கியமாக இருந்ததாம். "மிஸ் ஆப்பிள்யார்ட், நமக்குள்ள பழக்கமாகி இத்தனை நாள் ஆனதுல, நான் யோசிச்சுப் பாத்ததுல, உங்களுக்கு ஆட்சேபம் இல்லைன்னா..." என்று போய்க்கொண்டே இருந்தது. செவ்வாயன்று ஆட்சேபம் போய்விட்டது. புதனன்று பழக்கமும் யோசனையும் போயின. வியாழனன்று மிஸஸ் சக்டனே சுவரைத் தட்டினார்.

"இன்னும் கொறைங்க லிஸ்டர்! அவ பேரும் விஷயமும் இருந்தாப் போதும்!"

உள்ளே மீன் பெட்டி கிறீச்சிட்டது. பிறகு இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டதாம். "அந்தம்மா சொல்றது சரிதான் லிஸ்டர்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அன்று லாங்திக் ஸ்டேஷனில் ஒரு விவசாயி கயிறும் கையுமாகக் காத்திருந்தார். கார்ஸ்பிச் சந்தையில் வாங்கிய காளையை எங்கள் ரயிலில் ஏற்றி அனுப்புவதாகப் பேச்சு. லாங்திக் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன். காளைப் பெட்டியைக் கோத்திருக்கிறார்களா, பார்த்துச் சொல் என்று அங்கிருந்த சிக்னல்காரர் மத்தியானத்திலிருந்து ஈனாக்கை ஃபோனில் பிய்த்துக்கொண்டிருந்தார். காளை ரயிலைத் தவறவிட்டுவிட்டது என்பது யாருக்கும் தெரியாது.

ரயில் வந்தது. நான் இறங்கினேன். டல்ஸி முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்சலை வாங்கினாள். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தோடு வாசலுக்கு வந்து நின்றார். "நேரமாச்சு லிஸ்டர்." லிஸ்டர் விசில் ஊதினார். கொடியை ஆட்டினார். ரயில் நகர்ந்தது. படியில் ஏறிக் கம்பியைப் பிடித்தபடி, ஒரே மூச்சில், நாங்கள் அதுவரை கேட்டிராத வேகத்தில் சொன்னார்.

"டல்ஸி, என்னைக் கட்டிக்கிறியா?"

ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் முளைத்தன. எல்லோரும் டல்ஸியைப் பார்த்தோம். பன்னிரண்டு வருடமாக ஓயாத அந்த வாய் திறந்தபடியே நின்றது. ஒரு சத்தமும் வரவில்லை. ரயில் போய்க்கொண்டே இருந்தது. லிஸ்டரின் முகம் சின்னதாகிக் குன்றின் வளைவில் மறைந்தது.

"நெட்டி" என்றாள், குரலே இல்லாமல். "அவர் இப்ப என்ன சொன்னாரு?"

"கட்டிக்கிறியான்னு கேட்டாரு."

"எதை?"

"அவரை, டல்ஸி! அவரை!"

அவள் கத்திய கத்தலில் பக்கத்து வயலிலிருந்த காக்கைகள் அத்தனையும் எழுந்தன. பார்சலை என் கையில் போட்டுவிட்டுப் பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு சிக்னல் கேபினைப் பார்த்து ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். மேலே ஈனாக் ரொட்டியும் வெங்காயமும் தின்றுகொண்டிருந்தான்.

"ஈனாக், ஃபோனை எடு! லாங்திக்கைக் கூப்பிடு! ரயில் போய்ச் சேர்றதுக்குள்ள!"

"என்னம்மா, வண்டில தீப்புடிச்சிருச்சா?"

"என்மேலதான் புடிச்சிருக்கு, எடுய்யா!"

எங்கள் பாதையில் எல்லாக் கேபினுக்கும் ஒரே கம்பி. ஒருவர் எடுத்தால் அத்தனை பேரும் எடுத்துக் கேட்கலாம், கேட்கவும் செய்வார்கள். லாங்திக்காரர் எடுத்ததுமே டல்ஸி ஃபோனைப் பிடுங்கினாள்.

"ஆமான்னு சொல்லுங்க! லிஸ்டர்கிட்ட ஆமான்னு சொல்லிடுங்க!"

"ஆமாவா? அப்பாடா!" என்றார் லாங்திக்காரர். "மத்தியானத்துலேருந்து இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்." கட்டென்று வைத்துவிட்டார்.

டல்ஸி என்னைப் பார்த்தாள். "அவருக்கு எப்படித் தெரியும்?"

ஈனாக்குக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெங்காயம் புரையேறி, மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "காளை, காளை" என்றான்.

லாங்திக்கில் நடந்ததை மிஸஸ் சக்டன் பார்த்தார். ரயில் நின்றதும் போர்ட்டர் கார்டு வண்டிக்கு ஓடிவந்தான். "லிஸ்டர், ஆட்டர்பியிலேருந்து சேதி. ஆமாவாம்!" லிஸ்டர் முகத்தில் விளக்கு ஏற்றியது போல ஆகிவிட்டதாம். அடுத்த வார்த்தை வந்தது. "சீக்கிரம் எறக்குங்க, ஆள் கயிறோட நிக்கறாரு."

"எதை எறக்க?"

"காளையை!"

விளக்கு அணைந்தது. கயிற்றோடு நின்ற விவசாயி தானே வண்டிக்குள் ஏறி, இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் காளை ஒளிந்திருப்பது போலத் தேடினார்.

"எங்கய்யா என் காளை?"

"என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இங்கே கேபினில் டல்ஸி மறுபடியும் மணியடித்தாள். இந்தத் தடவை லாங்திக், அதற்கடுத்த ஃபுல்பெக், அதற்கும் அடுத்த ரேவன்ஸி, மூன்று பேரும் எடுத்துவிட்டார்கள்.

"காளைக்கு இல்லய்யா! கல்யாணத்துக்கு!"

"காளைக்குக் கல்யாணமா?" இது ரேவன்ஸி.

"எனக்கு! எனக்கும் லிஸ்டருக்கும்! அவர் கேட்டாரு, நான் வாயடைச்சு நின்னுட்டேன்..."

"நீ வாயடைச்சியா?" மூன்று பேரும் ஒரே குரலில்.

"சத்தியமாய்யா! ஆமான்னு சொல்லுங்க! மனுஷன் கடல்வரைக்கும் அழுதுக்கிட்டே போயிடுவாரு!"

லாங்திக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். ரயில் போய்விட்டிருந்தது. இனி ஃபுல்பெக்தான். அங்கே சிக்னல்காரர் கேபினிலிருந்து கீழே கத்த, போர்ட்டர் டிக்கெட்காரருக்குக் கத்த, அவர் பிளாட்பாரத்தில் பாட்டுப் பயிற்சிக்குப் போக நின்றிருந்த பதினைந்து சர்ச் பெண்களுக்குச் சொன்னார். சோகமே உருவாகக் கொடியைப் பிடித்தபடி லிஸ்டர் வந்து சேர்ந்தபோது அத்தனை பேரும் வரிசையாக நின்று, ஒரே சுருதியில் பாடினார்கள்.

"ஆமாவாம்! ஆமாவாம்! டல்ஸி உங்களைக் கட்டிக்கிறாளாம்!"

லிஸ்டர் மீன் பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்தார். பலகை முறியும் சத்தம் மிஸஸ் சக்டன் வரைக்கும் கேட்டதாம். ஓட்டுநர் இறங்கி வந்து கைகுலுக்கினார். யாரோ அவர் மீசையில் முத்தமிட்டார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"விசில் ஊதுங்க லிஸ்டர்" என்றார் இன்ஸ்பெக்டர்.

லிஸ்டர் முயன்றார். காற்றுதான் வந்தது. "முடியல சார். சிரிப்பு நிக்க மாட்டேங்குது. உதடு குவிய மாட்டேங்குது."

இன்ஸ்பெக்டர் அந்த விசிலை வாங்கினார். கோட்டில் துடைத்தார். அவரும் ஒரு காலத்தில் கார்டாக இருந்தவர்தானாம், இருபது வருடமாக ஊதவில்லையாம். கன்னம் உப்ப ஊதினார். ரயில் நகர்ந்தது. அது அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய், இன்னொரு தடவை ஊதினார். ஏதோ ஆபத்து என்று நினைத்து ஓட்டுநர் பிரேக்கைப் போட்டார். பதினைந்து பெண்களும் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தார்கள்.

"தாமதத்துக்கு என்ன சார் காரணம் சொல்லுவீங்க?" என்று லிஸ்டர் கேட்டாராம்.

"கால்நடை" என்றார் இன்ஸ்பெக்டர். "காளையைத் தேடினோமா இல்லையா?"

கல்யாணம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை. ஊர் முழுக்கக் கரண்டி கரண்டியாக ரேஷன் சர்க்கரையைக் கொடுத்துக் கேக் செய்தது. கல்யாணத் தொப்பியை நானே தைத்தேன், வெள்ளைப் பட்டு, முகத்திரை, பக்கத்தில் ஒரு கொத்துச் செயற்கைச் செர்ரி. என் வேலையில் அதுபோல ஒன்று அதற்கு முன்னும் பின்னும் அமையவில்லை.

ஆனால் கோடைச் சனிக்கிழமை என்றால் எங்களுக்குப் புறா நாள். மேற்கே சுரங்க ஊர்களில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் கூடை கூடையாக ரயிலில் அனுப்புவார்கள். எது முதலில் வீடு திரும்புகிறது என்பதுதான் பந்தயம். போர்ட்டர் கூடைகளைத் திறந்துவிட வேண்டும், திறந்த நேரத்தைக் குறித்து வெறுங்கூடையைத் திருப்பி அனுப்ப வேண்டும். டல்ஸிக்குப் பதிலாக அன்று மேலிடம் ஒரு மாற்று ஆளை அனுப்பியிருந்தது. ஒல்லியான மனிதர். நாங்கள் ஸ்டேஷன் வீட்டில் டல்ஸியின் முகத்திரைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்.

"அம்மா, கூடைங்க வந்திருக்கு. நாப்பது இருக்கும். எனக்கு... சிறகு படபடன்னாலே மயக்கம் வரும்."

"டல்ஸி, வேண்டாம்" என்றேன். "சர்ச்சுல அவர் காத்துக்கிட்டிருப்பாரு."

"அவர் மெதுவாத்தான் காத்திருப்பாரு, பரவாயில்ல. அங்க சுரங்கத்துல வாரமெல்லாம் கரி வெட்டினவங்க, இன்னிக்கு ஒரு நாள் கூரை மேல ஏறி வானத்தைப் பாத்துக்கிட்டிருப்பாங்க. என் கல்யாணத்துக்காக அவங்க பறவை கூடைக்குள்ள கெடக்கணுமா?"

முகத்திரையும் வெள்ளைக் கவுனுமாகப் பிளாட்பாரத்துக்கு ஓடினாள். வரிசையாக வார்களை அவிழ்த்துக்கொண்டே போனாள். படபடபடவென்று வானம் சாம்பல் நிறமானது. எங்கும் இறகு. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினோம். நடுவில் அவள் கையை விரித்துச் சுழன்று சுழன்று, "போங்கடி, போங்க, வீட்டுக்குப் போங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரு வட்டமடித்து மேற்கே பறந்தன, ஒன்றைத் தவிர. அது டல்ஸி தலையில் நான் தைத்த தொப்பியின் செர்ரியைக் கொத்திக்கொண்டிருந்தது. விரட்டினால் முகத்திரை கிழியும் போலிருந்தது. அப்படியே விட்டோம். பால் வண்டியில் ஏறிக் குன்றைச் சுற்றி நாங்கள் சர்ச்சுக்குப் போகிற வழியில் பாதியில்தான் அதற்கு வீட்டு ஞாபகம் வந்தது.

சர்ச்சில் டல்ஸியை ஈனாக் கைபிடித்து அழைத்துப் போனான். பாதிரியார் லிஸ்டரிடம் கேட்டார். இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்வீரா? லிஸ்டர் யோசித்தார். எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். அவர் அந்த வார்த்தையைத் தூக்கி, நாலு பக்கமும் பார்த்தார். கடைசி வரிசையிலிருந்து மிஸஸ் சக்டன், "சுவரைத் தட்டட்டுமா லிஸ்டர்?" என்றார்.

"ஏத்துக்கறேன்" என்றார் லிஸ்டர்.

டல்ஸியைக் கேட்டபோது அவள் காத்திருக்கவில்லை. "ஏத்துக்கறேன்!" என்று போட்ட சத்தத்தில், கோபுரத்தில் கயிற்றோடு நின்ற மணிக்காரர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மோதிரம் மாட்டியது, ஜபம் சொன்னது, ஆசி கொடுத்தது எதுவும் எங்கள் காதில் விழவில்லை. பாதிரியாரின் வாய் அசைந்ததை மட்டும் பார்த்தோம்.

தேனிலவுக்கு ஸ்கார்பரோ கடற்கரைக்குப் போனார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக இருவரும் வெறும் பயணிகளாக ரயிலில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்று சொல்லக்கூடாது. ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் டல்ஸி ஜன்னலில் தலையை நீட்டி ஊர்ப் பெயரைச் சொன்னாளாம். லிஸ்டர் இறங்கிக் கதவுகளைச் சரிபார்த்தாராம். வழியில் ஒரு ஸ்டேஷனில் ஒரு கிழவி பெரிய டிரங்குப் பெட்டியோடு தடுமாறுவதைப் பார்த்து இருவருமே குதித்து இறங்கினார்கள். ஒரு பக்கம் இவள், மறுபக்கம் அவர். பெட்டியைத் தூக்கி, கிழவியை ஏற்றி, கதவைச் சாத்தி, லிஸ்டர் பழக்கத்தில் கையைத் தூக்கி ஆட்டினார். ரயில் புறப்பட்டுவிட்டது. கிழவி உள்ளேயிருந்து நன்றியோடு கையசைத்தாள். அவர்களுடைய பெட்டி, கோட்டு, கல்யாண கேக்கின் மிச்சம் எல்லாம் அவளோடு போயின.

அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த ஸ்டேஷன் போர்ட்டர் தன் அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தார். கடைத்தெருவில் காகிதத்தில் சுற்றிய வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிவந்து, பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம்.

"அந்த ரெண்டு மணி நேரமும் அவர் பேசினாரு நெட்டி" என்றாள் டல்ஸி, திரும்பி வந்த மறுநாள். "யாரும் விசில் ஊதல. ஒரு வாக்கியத்தையும் பாதியில விடல. நான் ஒரு வார்த்தை குறுக்கப் பேசல, வேணும்னா அவரையே கேளு."

நான் கேட்டேன். லிஸ்டர் கொடியைச் சுருட்டிக்கொண்டே யோசித்தார்.

"பேசத்தான் செஞ்சா" என்றார். "ஆனா..."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. டல்ஸியே அவரைப் பிடித்துத் தள்ளி வண்டிக்குள் ஏற்றினாள்.